மே மாதத்தில் வாங்கிய சீட்

சரவணா,

கோபமாக இருக்கிறவன் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டான், எதற்குக் கை வலிக்க எழுதுகிறாய் என்று உன் நைனா கேட்டார். நீ பிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் தட்டைத் தள்ளி வைப்பாயே தவிர, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எழுந்து போக மாட்டாய். அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்த பிறகும் கோபம் மிச்சம் இருந்தால் வைத்துக்கொள், அது உன் பாடு.

மே மாதம் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனவன், ஆகஸ்ட் வந்தும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நைனாவுக்கு மட்டும் போன் போடுகிறாய். பேசி முடித்ததும் என்ன சொன்னான் என்று கேட்டால், "ஒண்ணும் சொல்லல, அங்க வெயிலு ஜாஸ்தியாம்" என்கிறார். மூன்று மாதமாக நீ இருக்கும் இடத்தில் வெயில் அடிப்பது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த செய்தி. நான் செய்த குற்றம் இதுதான்: எதிர் வீட்டு வசந்தாவின் மகள் ஜெயந்தியை உன் காலேஜில் சேர்க்க நீ பேசி முடித்து வைத்திருந்தாய். முன்பணம் கட்ட வேண்டிய நாளில், கட்டாதே என்று வசந்தாவிடம் நான் சொல்லிவிட்டேன். பாடம் நடத்துகிற வாத்தியார்கள் ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைப் பிடித்து வர வேண்டும், இல்லாவிட்டால் கோடைச் சம்பளம் கிடையாது என்பது உங்கள் நிர்வாகத்தின் சட்டம். உனக்கு நாலோடு நின்றுவிட்டது. சம்பளமும் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் வேலையே இருக்குமோ இருக்காதோ என்று ஆகிவிட்டது.

அன்று வாசற்படியில் நின்றுகொண்டு நீ பேசியதில் இரண்டு பேச்சு இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ஊர்ல எல்லா அம்மாவும் புள்ள வேலைய காப்பாத்துவா, நீ ஒருத்திதான் கெடுக்கற" என்றாய். அது கோபத்தில் வந்தது, போகட்டும். அடுத்ததாக நீ கேட்டதுதான் என்னை அறுத்தது. "நான் படிச்ச காலேஜுமா அது. அது ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு நீ சொன்னா, அப்ப நான் யாரு?" வாய்க்காரி என்று தெரு முழுக்கப் பெயர் வாங்கிய எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. நீ போய்விட்டாய். பதில் யோசித்து எடுக்க இத்தனை நாள் ஆகிவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் உன் சீட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தொண்ணூற்றொன்பதில் நீ ப்ளஸ் டூ முடித்தாய். அப்போதும் நான் விம்கோ நகரில் ஆலை வாசலில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். வண்டிக்கு வருகிறவர்களில் சட்டையை உள்ளே விட்டு, பையில் பேனா குத்தி, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு வருகிற பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாப்பிட்டதற்கு உடனே காசு கொடுப்பார்கள், சட்னியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்து, என்ன படித்தாய், என்ன சம்பளம் என்று கேட்டு வைத்துக்கொள்வேன். எல்லாரும் இன்ஜினியரிங் என்றார்கள். சரி, நம் பிள்ளையும் இன்ஜினியரிங் என்று முடிவு செய்துவிட்டேன். எந்தக் காலேஜில் படித்தாய் என்று ஒருத்தனிடமாவது கேட்டேனா என்றால், இல்லை. என் வண்டியில் இட்லி தின்றவர்கள் எல்லாம் வேலை கிடைத்தவர்கள்தானே. வேலை கிடைக்காதவன் எதற்கு ஆலை வாசலுக்கு வந்து இட்லி தின்னப் போகிறான்? இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்க ரொம்ப வருஷம் பிடித்தது.

நைனாவுக்கு வேறு எண்ணம் இருந்தது. துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிக் கை காய்த்த மனுஷன். உன்னை ஐ.டி.ஐ.யில் போட்டால் இரண்டே வருஷம், பிறகு எண்ணூர் ஆலையில் தனக்குத் தெரிந்த போர்மேன் அப்ரென்டிஸாக எடுத்துக்கொள்வார், உன் தோஸ்து சேகரும் அங்கேதான் போகிறான் என்றார். "கையில தொழிலு இருந்தா எவனுக்கும் சலாம் போட வேணாம்" என்று அதிகம் பேசாத மனுஷன் அன்றைக்குப் பேசினார். நான்தான் கேட்கவில்லை. நம் மொட்டை மாடியில் ஏறி நின்றால் மணலியிலிருந்து எண்ணூர் வரைக்கும் புகைபோக்கி தெரியும். இவ்வளவு ஆலை இருக்கிறது, இதில் ஒன்றுக்குக்கூடவா ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் வேண்டாம் என்று உன் பாடத்தையும் மாடியில் நின்றபடியே தேர்ந்தெடுத்துவிட்டேன். அத்தனை புகைபோக்கியில் எத்தனை ஏற்கெனவே அணைந்து கிடக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்த மே மாதம்தான் உங்கள் காலேஜிலிருந்து ஒரு வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தார். நீ இன்றைக்கு ஏறி இறங்குகிற மாதிரியே வெயிலில் வாசல் வாசலாக ஏறி இறங்கி வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். புத்தகம் மாதிரி பளபளவென்று ஒன்றைக் கொடுத்தார். இரண்டாவது வருஷம் நடக்கிற காலேஜ், கடைசி வருஷத்தில் கம்பெனிகள் தேடி வந்து வேலை கொடுக்கும், இந்த வாரம் முன்பணம் கட்டினால்தான் சீட் உறுதி என்றார். நான் காசிமேட்டில் பிறந்தவள், உனக்குத் தெரியும். என் அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போய் வளர்ந்தவள். அங்கே படகு வந்த கையோடு முன்னால் போய் நிற்கிறவளுக்குத்தான் வஞ்சிரம். யோசித்து நிற்கிறவளுக்குப் பனிக்கட்டியில் கிடந்து வெளுத்துப்போன மிச்சம். பந்திக்கு முந்து என்பது எங்களுக்கு வெறும் பழமொழி இல்லை, பிழைப்பு. அந்தப் புத்தியோடுதான் உன் சீட்டையும் வாங்கினேன். விட்டால் அடுத்தவள் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பதறினேன். மாதச் சீட்டுக் கட்டிச் சேர்த்து மீஞ்சூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று, அந்த வாரமே கட்டினேன். உன் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் கேட்டார்கள், கொடுத்தேன்.

அப்புறம் நடந்தது உனக்கும் மறந்திருக்காது. ஒன்றரை மாதம் கழித்து கவுன்சிலிங்குக்கு உனக்கு அழைப்பு வந்தது. அங்கே போக ஒரிஜினல் வேண்டும். அது காலேஜ் இரும்பு அலமாரியில் இருந்தது. சீட்டை விட்டுவிட்டால்தான் தருவோம், கட்டிய பணம் திரும்பாது என்றார்கள். நீ அந்த அழைப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "போய்த்தான் பாக்கலாமேம்மா" என்றாய். பணம் கட்டியாகிவிட்டது, இனி எதற்கு அலைச்சல் என்று நான் சொன்னேன். காலேஜ் திறந்த பிறகுதான் தெரிந்தது, உன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் உன்னைவிடக் குறைந்த மார்க், கவுன்சிலிங்கில் அரசாங்க சீட்டில் வந்தவன், நாம் கட்டியதில் ஏறக்குறைய பாதிதான் கட்டியிருக்கிறான். அதே காலேஜ், அதே பாடம், அதே பெஞ்சு. மீன் மட்டும்தான் நேரமானால் கெடும், சீட் கெடாது என்று காசிமேட்டுக்காரிக்கு யார் சொல்லித் தருவது? பதறாத காரியம் சிதறாது என்று நானே ஊருக்கெல்லாம் சொல்வேன், என் வீட்டுக் காரியத்தில் மட்டும் பதறினேன். நாலு வருஷமும் நீ கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் அந்த மீஞ்சூர் மனையைத் தாண்டித்தான் போனாய், வந்தாய். ஒரு நாளும் நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நல்ல பிள்ளை என்று நான் அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

காலேஜைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். மோசடிக்காரர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. சின்ன இடம், அவ்வளவுதான். ஒரு கட்டிடத்துக்குப் பூச்சு வேலை நீ முடித்து வெளியே வரும் வரைக்கும் முடியவில்லை. பாதி வருஷத்தில் வாத்தியார் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார், அடுத்தவர் வரும் வரை நீங்களே படித்துக்கொள்வீர்கள். லேத் மெஷின் ஒன்று இருந்தது, அதற்கு முக்கால்வாசி நாள் துணி போர்த்தியிருந்தது என்று நீதான் சிரித்துக்கொண்டு சொன்னாய். ஆனால் அங்கே போன பிறகுதான் நீ நாலு பேர் நடுவில் எழுந்து நின்று பேசக் கற்றாய். நம் தெருவில் வாயே திறக்காத பையன், ஆந்திரா பக்கத்துப் பிள்ளைகளோடும் கிராமத்துப் பிள்ளைகளோடும் சிநேகமாகி, அவர்கள் பேச்செல்லாம் பேசிக் காட்டினாய். பெரிய காலேஜாக இருந்தால் பின் பெஞ்சில் எங்கேயோ தொலைந்து போயிருப்பாய். இங்கே உன் பெயர் பிரின்ஸிபால் வரைக்கும் தெரிந்திருந்தது. இதற்கெல்லாம் ரசீது கிடையாது, அதனால் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் சரியில்லை.

படித்து முடித்தாய். தேடி வரும் என்று சொன்ன கம்பெனிகள் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் கம்ப்யூட்டர் பிள்ளைகளை மட்டும் கேட்டன. அடுத்த இரண்டு வருஷம் நீ பட்டது எனக்குத் தெரியும். பைலைத் தூக்கிக்கொண்டு கிண்டி, அம்பத்தூர் என்று அலைந்தாய். கடைசியில் கான்ட்ராக்டர் மூலமாக ட்ரெயினி என்று ஒரு வேலை கிடைத்தது, அதுவும் என் வண்டி நிற்கிற அதே ஆலையில். மற்ற பிள்ளைகளோடு ஷிப்ட் முடிந்து வருவாய், வண்டிக்குப் பின்னால் போய் நின்று சாப்பிடுவாய். உன் அம்மாவின் வண்டி என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொடுக்க மாட்டேன், மற்றவர்களுக்குப் போடுகிற அதே நாலு இட்லிதான் போடுவேன். அந்த நாட்களில்தான் சேகர் எண்ணூரில் பர்மனென்ட் ஆனான், பைக் வாங்கினான், கல்யாணம் செய்துகொண்டான். நைனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷத்தில் நிறுத்துப் பார்த்திருந்தால் நான் தோற்றவள். ஆனால் மூன்று வருஷம் கழித்து சேகர் இருந்த பிரிவையே மூடினார்கள். கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அவன் தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், வழியில் பார்த்தால் நிறுத்தி, "அம்மா, ஏறிக்கோ" என்பான். அவன் தோற்றுவிட்டான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, வீட்டைக் கட்டிக் காப்பாற்றுகிறான். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, ஒரு படிப்பு பலித்ததா இல்லையா என்பது எந்த வருஷத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. கட்டிய பணத்தை எப்போது வேண்டுமானாலும் எண்ணலாம். கிடைத்ததை அப்படி எண்ண முடியாது, அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, அல்லது கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. உனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்து, அதைப் படிக்க வைக்கும் நாளில் நீயும் இதே தராசைத் தூக்குவாய். அப்போது இரண்டு தட்டையும் ஒரே நாளில் நிரப்பப் பார்க்காதே. ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. அது எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது, பன்னிரண்டு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

பிறகுதான் உன் பழைய காலேஜே உன்னைக் கூப்பிட்டு வாத்தியார் வேலை கொடுத்தது. சம்பளம், எதிர் வீட்டில் டிரெய்லர் ஓட்டுகிற வசந்தாவின் புருஷன் சம்பாதிப்பதைவிடக் குறைவு. இருந்தாலும் தெருவில் நாலு பேர் உன்னை சார் என்று கூப்பிட்டபோது என் தலை கொஞ்சம் கனத்தது, ஒப்புக்கொள்கிறேன். பொட்டுக்கடலை விலை ஏறியிருந்த அந்த வாரத்திலும் சட்னியில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

இந்த மே மாதம் வசந்தா ஒரு காலை வேளையில், உங்கள் காலேஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ கொடுத்துவிட்டுப் போனதுதான். நடுப்பக்கத்தைப் பிரித்து, "அக்கா, இன்னா நீ சொல்லவே இல்ல, உம் புள்ள போட்டோ கீது பாரு இதுல" என்றாள். பார்த்தேன். வேலை கிடைத்த பழைய மாணவர்கள் என்று வரிசையாக முகங்கள். மூன்றாவது வரிசையில் நீ, டை கட்டிக்கொண்டு. கீழே, பிரபல பொறியியல் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் என்று போட்டிருந்தது. அந்தப் பிரபல கல்லூரி எது என்று யோசித்தேன், புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலை கிடைக்காத பிள்ளைக்கு அவர்களே ஒரு வேலை கொடுத்து, அவர்களே அதை வேலை கிடைத்த கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. புருஷனின் டிரெய்லருக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்து அன்று சாயங்காலம் உன்னிடம் கொடுப்பதாக இருந்தாள். உன் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ உள்ளத சொல்லுக்கா. உம் புள்ளைய சேத்தியே, உனக்கு சரிப்பட்டுச்சா?" என்று கேட்டாள்.

சரவணா, அவள் இடத்தில் வேறு யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். பெருமைகூடப் பேசியிருப்பேன். என் பிரசவத்துக்கும் உன் நைனா விரல் வின்ச்சில் மாட்டியபோதும் ஓடி வந்தவள் அவளுடைய அம்மா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மனையை விற்றது, பாதி விலைக்குக் கிடைத்திருக்க வேண்டிய சீட், கம்பெனி வராதது, இரண்டு வருஷம் நீ அலைந்தது, உன் சம்பளம் எவ்வளவு என்பது வரைக்கும். நீ அங்கே கற்றதையும் சொன்னேன், ஆனால் அது உனக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. சேர்க்காதே என்று நான் சொல்லவே இல்லை. "மே மாசத்துல துட்டு கட்டாத. கவுன்சிலிங் வரட்டும். ஒரிஜினல மட்டும் எவன் கையிலயும் குடுக்காத, எம் புள்ள கேட்டாலும் குடுக்காத." என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான். உன்னைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அது துரோகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். உன் சம்பளம் நின்றதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், சொன்னதற்கு வருத்தப்படவில்லை.

நீ போன பிறகு, ஜூன் மாதத்தில் ஒரு நாள் புதிதாக ஒரு பிள்ளை வண்டிக்கு வந்தான். கழுத்தில் ட்ரெயினி அட்டை. இந்த முறை நான் சம்பளத்தைக் கேட்கவில்லை, எந்தக் காலேஜ் என்று கேட்டேன். உங்கள் காலேஜ். ட்ராயிங்கில் அரியர் வைத்து, படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போக பெட்டியைக் கட்டிவிட்டானாம். "ஒரு சாரு ஞாயித்துக்கிழமையில ஹாஸ்டலுக்கு வரச் சொல்லி ஒக்கார வெச்சாரு. திட்டவே மாட்டாரு. தப்பா போட்டா, அழிச்சிட்டு மறுபடி போடுன்னு ரப்பர நம்ம கையில குடுப்பாரு" என்றான். எந்த சார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னான். நான் யார் என்று சொல்லவில்லை. இரண்டு வடையை எடுத்து அவன் தட்டில் போட்டேன், காசு வாங்கவில்லை. அவன் குழப்பமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஏன் வீட்டில் இருப்பதில்லை என்று எத்தனை முறை உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

ஜூலையில் ஜெயந்திக்குக் கவுன்சிலிங் அழைப்பு வந்தது. வசந்தாவின் புருஷன் லோடு எடுத்துக்கொண்டு விசாகப்பட்டினம் பக்கம் போயிருந்தார். நானும் வசந்தாவும் அவளைக் கூட்டிக்கொண்டு கிண்டிக்குப் போனோம். உள்ளே பிள்ளையோடு ஒருவரைத்தான் விடுவார்கள். வசந்தா கதவருகே நின்றுகொண்டு, "நீ போக்கா, எனக்கு ஒண்ணும் புரியாது, நீ ஒரு தபா பட்டவ" என்று என்னைத் தள்ளிவிட்டாள். பெரிய திரையில் காலேஜ் பெயர்களும் மிச்சம் இருக்கிற சீட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. ஜெயந்தியின் முறை வந்தபோது பக்கத்தில் இருப்பதெல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது தெற்கே தூரத்து ஊர்க் காலேஜ்கள், ஹாஸ்டலில் விட வேண்டும், அதற்கு வசந்தாவிடம் வசதி இல்லை. அப்புறம் உங்கள் காலேஜ். அவளுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கும் கிடைத்திருந்தது, அதற்குச் செலவே கிடையாது, அதில் சேர்ந்து பேங்க் பரீட்சை எழுது என்று ரயிலில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தேன். எலெக்ட்ரானிக்ஸ்தான் படிப்பேன் என்று அவளும் ரயிலிலேயே சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "பெரிம்மா, அங்க படிச்சா வேலை கெடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன், கிடைக்காது என்றும் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது என்றேன். உண்மை அதுதான். அப்புறம் கேட்டாள், "சரவணன் அண்ணன்தானே மொத வருஷத்துக்கு ட்ராயிங் எடுக்கறாரு. நல்லா நடத்துவாரா?"

"நடத்துவான்" என்றேன். யோசிக்கவே இல்லை. என் வாழ்க்கையில் அந்தக் காலேஜைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் இழுத்து இழுத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. வாசற்படியில் நின்று நீ யார் என்று கேட்டாயே, அந்த இடத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. காலேஜ் வேறு, நீ வேறு. அது பாதி கட்டிய கட்டிடமாகவே இருக்கலாம், நீ அப்படி இல்லை. பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது, அத்தனை பேர் நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் உங்கள் காலேஜுக்கே கையெழுத்துப் போட்டாள். அரசாங்க சீட், அரசாங்கம் சொன்ன கட்டணம். வசந்தா டயரையும் மாற்றிவிட்டாள். உன் ஐந்து பேர் கணக்கில் அவள் வர மாட்டாள், நிர்வாகம் உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாது. இது உனக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது என்று நைனாவின் வாயைக் கட்டி வைத்ததும் நான்தான், அவரைத் திட்டாதே. உன் வேலை நிலைக்குமா என்ற பயம் எனக்கும் இருக்கிறது. நிலைக்காவிட்டால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது, வேறு பார்க்கலாம். பிள்ளை பிடிக்கத் தெரியாத வாத்தியார் என்று உன்னை அனுப்பினால் எனக்கு அவமானம் இல்லை. நடத்தத் தெரியாதவன் என்று யாராவது சொன்னால்தான் நான் வசந்தாவின் முகத்தில் விழிக்க முடியாது. நாலு வருஷம் கழித்து அவள் கேள்வி கேட்கப் போவது உங்கள் சேர்மனை இல்லை. தெருவைத் தாண்டி வந்து என்னைத்தான் கேட்பாள்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தது ஜெயந்திதான். அவளைக் கண்டு திகைத்திருப்பாய். முழுக்கப் படித்து முடிக்கும் வரை அவரோடு பேசாதே, அங்கேயே நில் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படியே நிற்பாள், நல்ல பெண், கொஞ்சம் பயந்த பெண். முதல் நாள் என்பதால் விடியற்காலை ரயிலுக்கே கிளம்பிவிட்டாள், ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

முதலில் அவளை உட்காரச் சொல்.

உன் அம்மா